குறை இல்லாத பீஸ்

கழுத்திலிருந்து தொடைவரை ஒரு வெட்டு, பிறகு வயிற்றுக்குக் குறுக்கே இன்னொன்று. காலையில் சூப்பர்வைசர் சண்முகவடிவேல் ஒன்றை எடுத்துத் தானே வெட்டிக் காட்டினார். "இந்த மாதிரி வெட்டோணும் அம்மணிகளா. அப்புறம் எவ தைச்சாலும் ஒட்டக்கூடாது." சொல்லிவிட்டு, வெட்டியதைக் குவியலில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். துளசிமணி அதைக் கவனித்தாள். அதற்கப்புறம் அவள் யாருடைய கையையும் கவனிக்கவில்லை, தன் கையைக்கூட. கத்திரி அதுபாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. கழுத்துப் பட்டியில் மட்டும் கொஞ்சம் முரண்டு பண்ணும், அங்கே துணி இரண்டு மடிப்பு. அதைத் தாண்டிவிட்டால் கீழே பிரஸ் பட்டனில் போய் இடிக்கும்வரை வழுக்கிக்கொண்டு இறங்கும். கைக்குழந்தைக்குப் போடுகிற உடுப்பு. கை, கால், உடம்பு எல்லாம் ஒன்றாய்ச் சேர்த்துத் தைத்தது, ரோம்பர் என்பார்கள். வேப்பங்கொழுந்துப் பச்சை நிறம், நெஞ்சில் ஒரு சின்னத் திமிங்கிலம். முதல் வெட்டு அதன் கண்ணுக்குப் பக்கத்தில் போகும். சைஸைப் பார்க்கக்கூடாது என்று அவள் வைத்துக்கொண்டிருந்தாள். பிராண்டு பெயரும் சைஸும் ஒரே லேபிளில்தான் இருந்தன. பிராண்டைத் தனியே கத்தரித்துத் தட்டில் போட வேண்டும் என்பதால் லேபிளைப் பிடிக்காமல் முடியாது, பிடித்தால் கண் போகாமல் இருக்காது. மூன்று மாதம், ஆறு மாதம், மூன்று மாதம். பார்க்காதே. பார்த்தாயிற்று. அடுத்தது.

கம்பெனிக்குப் பின்பக்கம் இருந்த தகரக் கொட்டகை அது. நான்கு பெண்கள், ஒரு நீள மேசை, ஒரு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். வெயில் ஏறஏறத் தகரம் முனகியது. வெட்டியதிலிருந்து கிளம்புகிற பஞ்சுத்தூசி மூக்கு நுனியில் உட்கார்ந்து அரித்தது. பெட்டிக்குத் தொண்ணூற்றாறு உருப்படி. பெட்டி தீர்ந்ததும் தட்டிலிருக்கும் லேபிள்களை எண்ணிப் பார்த்து, குவியலைப் போட்டோ எடுத்து அனுப்ப ஜெபராஜ் என்று ஒருவர் வந்திருந்தார். சரக்கு வாங்குகிறவர்கள் சார்பாகப் பார்வையிட வந்த வெளி ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும், எல்லாரையும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். அவர்கள் நாட்டில் இந்த வருஷத்துக்கு நிறம் மாறிப்போனதாம், கப்பலும் ஐந்து நாள் பிந்திப்போனதாம், அதனால் வேண்டாம் என்று துறைமுகத்திலிருந்தே திருப்பிவிட்டார்களாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்று வரிசையின் கடைசியில் இருந்த பாப்பாத்தியக்கா கேட்டதற்கு, "பேரு போட்ட துணி வெளிய போகக்கூடாதும்மா" என்று அவர் நிதானமாகச் சொன்னார். வெட்டியது சிமெண்டு ஆலைக்குப் போகும், அங்கே சூளையில் எரிப்பார்கள். பஞ்சு நன்றாக எரியும். துளசிமணிக்கு அது தெரியும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிரஸ் பட்டன் என்ன ஆகும், அது எரியாதே, சாம்பலுக்குள் கிடக்குமா, அந்தச் சாம்பலும் சிமெண்டில் கலந்து யார் வீட்டுச் சுவரிலாவது போய் உட்காருமா? பைத்தியம் மாதிரி என்ன நினைப்பு இது, வெட்டு.

அவள் வெட்டுகிற வேலைக்காரியே இல்லை, செக்கிங் பார்ப்பவள். இருபத்தெட்டு வருஷமாக அதுதான் வேலை. துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், நீட்டிக்கொண்டிருக்கும் நூல் எல்லாம் பார்த்துச் சரியென்றால் வலப்பக்கம் தள்ளுவாள், இல்லையென்றால் இடப்பக்கம். இப்போதும் கை துணியைத் தொட்டதுமே கண் அதுவாகவே ஓடிவிடுகிறது. தோள், அக்குள், பக்கத் தையல், பட்டன். சரி. வலப்பக்கம் தள்ளு என்று கண் சொல்கிறது, கத்திரி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் இது நடந்தது. கண்ணுக்கு யாராவது சொன்னால் தேவலை. பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ வெட்டும்போது உள்பக்கம் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கரில் இருபத்தேழு என்று பார்த்தாள். அது அவள் நம்பர். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே துணி இதே கையில்தான் இருந்திருக்கிறது, அன்றைக்கு வலப்பக்கம் போயிற்று. அன்றைக்கு என்று நினைத்ததுமே மனது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அன்றைக்கு வேண்டாம். வேறு ஏதாவது. இந்த நிறம். இந்த நிறத்தை முதலில் எங்கே பார்த்தோம்?

ஆற்றில்தான் பார்த்தாள். திருப்பூருக்குக் கிழக்கே அவள் அப்பனுக்கு மூன்று ஏக்கர் இருந்தது, ஆற்றுக்கரையோரமாக. தண்ணீர் ஒரு நாள் சிவப்பாய் வரும், ஒரு நாள் நீலமாய் வரும். எந்த நிறத்துக்கு ஆர்டர் ஓடுகிறதென்று கரையில் நின்றே சொல்லிவிடலாம். ஒரு தைக்கு இந்தப் பச்சை வந்தது, நுரையோடு. தென்னை மட்டை காய்ந்து தொங்கிற்று. மாட்டுக்குக் குளம்பில் புண். கிணற்றில் குளித்துவிட்டு வந்து அப்பன் தோளையும் முதுகையும் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நிற்பார். அதெல்லாம் நினைத்து அவள் உருகியதில்லை. அந்த ஊர் மேல் அவளுக்கு எந்தக் காலத்திலும் ஆசை கிடையாது. சாணி அள்ளப் பிடிக்காது, களை எடுக்கப் பிடிக்காது. கிணறு கெட்டுப்போய் அப்பன் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, இனி கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. விடிகாலை மஞ்சள் வேனில் ஜன்னலோரம் இடம் பிடித்து, தலைக்குப் பூ வைத்து, வெள்ளை வெளிச்சத்தில் வரிசையாக மிஷின்கள் ஓடுகிற அந்தக் கூடத்தில் முதல் நாள் நுழைந்தபோது அவளுக்குச் சினிமாவுக்குள் போன மாதிரி இருந்தது. நம்மைக் கெடுத்ததையே நாம் தேடிப்போய்க் கும்பிட்டோமா? அப்படி யோசித்தால் அதற்கு முடிவேது? அப்பன் செத்தபோது அவர் மேல் போர்த்தியதும் கம்பெனியில் கழித்துக் கொடுத்த துணிதான். இப்போது வெட்டுகிற ஒவ்வொரு உடுப்பிலும் பச்சைக் காகித அட்டை ஒன்று தொங்குகிறது, அதில் இலைப் படம். போன மாதம் அலுவலகத்துப் பெண்ணிடம் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டாள். "இந்தத் துணிய பூமிக்கு நோவு குடுக்காம செஞ்சிருக்குதுன்னு போட்டிருக்குதுங்க்கா." சொல்லும்போது அந்தப் பெண் சிரிக்கவில்லை, இவளும் சிரிக்கவில்லை. இப்போது அட்டையை முதலில் பிய்த்துத் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். காகிதம் வேறு, துணி வேறு. தரம் பிரித்துப் போட வேண்டுமாம்.

மூன்று மாதம். மூன்று மாதம். கை ஓடுகிறது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சரக்கு ராத்திரிக்குள் லாரி ஏற வேண்டும் என்று கூடம் முழுக்கப் பரபரப்பு. போனை வாசலில் இருக்கிற மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், யாருக்கும் விலக்கு கிடையாது. அவள் மகள் பிரவீணாவுக்கு எட்டாவது மாதம், காங்கயத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். முந்தின நாளே கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னாள். காலையில் லீவு கேட்டதற்குச் சண்முகவடிவேல் கையெடுத்துக் கும்பிட்டார், நிஜமாகவே கும்பிட்டார். "இன்னைக்கு ஒரு நாளு மட்டும் அம்மணி. நாளைக்கு நானே வண்டி வெச்சு அனுப்பறேன்." எட்டாம் மாதம்தானே என்று அவளும் உள்ளே போய்விட்டாள். நின்றுகொண்டே விரி, பார், தள்ளு. விரி, பார், தள்ளு. ஏழு மணிக்கு வெளியே வந்து போனை எடுத்தால் பதினோரு அழைப்பு. பன்னிரண்டாவதாக இவள் கூப்பிட்டபோது மருமகன் எடுத்துத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டான். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை, தலை நிறைய முடி என்றார்கள். உள்ளேயே மூச்சு நின்றுவிட்டது, காரணம் சொல்ல முடியவில்லை என்று டாக்டரம்மா சொன்னாள். அந்த ஊர்த் தண்ணீரா, மகள் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பிரிண்டிங்கில் நின்றாளே அந்தச் சாய வாடையா, யாருக்குத் தெரியும்? காரணம் என்று ஒன்று இருந்தாலாவது அதைப் பிடித்து உலுக்கலாம். குழந்தை பிறக்குமுன் துணி எடுத்துவைக்கக்கூடாது என்று வீட்டில் யாரும் ஒரு சட்டைகூட வாங்கியிருக்கவில்லை. மருமகன் தோளில் கிடந்த துண்டில் சுற்றித்தான் கொண்டுபோய்ப் புதைத்திருந்தார்கள், நீலக் கோடு போட்ட குற்றாலத் துண்டு. அன்றைக்கு ஒரு நாளில் அவள் கையில் எத்தனை உடுப்பு போயிருக்கும்? ஆயிரத்தைந்நூறு இருக்குமா? அந்த ஆயிரத்தைந்நூற்றில் ஒன்றுகூட என்று தொடங்கி அந்த வாக்கியத்தை இரண்டு மாதமாக அவளால் முடிக்க முடியவில்லை. கழுத்துப் பட்டி. வெட்டு. வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பட்டன்.

"அக்கா."

பக்கத்தில் இருந்த மினதி. ஒடிசாவில் பலாங்கீர் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது, கம்பெனி விடுதியில் இருக்கிறாள், புருஷன் சாய ஆலையில். இப்போது ஐந்து மாதம். குனிந்து வெட்டினால் மூச்சு வாங்குகிறதென்று நிமிர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன புள்ள?"

"இது நல்லா இருக்கு அக்கா. கிழிசல் இல்ல. ஏன் வெட்டறாங்க?"

"வெட்டச் சொன்னா வெட்டு. கேக்காத."

"என் ஊர்ல இப்படி யாரும் பார்க்கல அக்கா. எவ்ளோ மெத்து." அவள் ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். துளசிமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியதும் தப்பாகப் போயிற்று, ஓரக்கண்ணுக்கு அதுவும் தெரிந்தது. மினதி சட்டென்று அந்த ரோம்பரை மடித்துத் துப்பட்டாவுக்குள், வயிற்றோடு சேர்த்துச் சொருகிக்கொண்டாள். பிறகு அடுத்ததை எடுத்து ஒன்றும் நடக்காதது மாதிரி வெட்டத் தொடங்கினாள். லேபிள். லேபிளை எடுக்கவில்லையே இந்தப் புள்ளை. லேபிளைத்தானே எண்ணுகிறார்கள். அதை மட்டும் கத்தரித்துத் தட்டில் போட்டிருந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், துணி எங்கே போனது என்று எவனும் கேட்கமாட்டான். லேபிள வெட்டிப் போடு புள்ள. இவ்வளவுதான், காதுக்குள் சொன்னால் போதும். சொல்லலாம், ஜெபராஜ் அந்தப் பக்கம் திரும்பட்டும். திரும்பினார். இப்போது பாப்பாத்தியக்கா பார்க்கிறாள். பார்த்தால் என்ன, அவளும் பிள்ளை பெற்றவள்தானே. ஆனாலும் தெரிந்தே சொல்லிக்கொடுத்தேன் என்று ஆகிவிடாதா? இருபத்தெட்டு வருஷம் ஒரு நூல்கண்டுகூட எடுத்துப்போனதில்லை. சாயங்காலம் வாசலில் தடவிப் பார்ப்பார்கள், எப்படியும் அகப்படுவாள், நம்மால் ஆகப்போவது என்ன? அதோடு, இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் பிறக்காத குழந்தைக்கு நேற்று வந்தவள் துணிந்து ஒன்றை எடுக்கிறாள், தான் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவே இல்லை, அந்த ஆயிரத்தைந்நூற்றில் ஒன்றுகூட. மறுபடியும் அதே இடம். அவள் இரண்டு பீஸை ஒன்றாக வைத்து வெட்டினாள். பெட்டி தீர்ந்துபோயிற்று.

ஜெபராஜ் லேபிள்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார். தொண்ணூற்றைந்து. மறுபடியும் எண்ணினார். மேசைக்கு அடியில், பெட்டிக்குள், தரையில் எல்லாம் பார்த்தார்கள். அவர் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "யாராவது தெரியாம வெச்சிருந்தா இப்பவே குடுத்துடுங்கம்மா. நானும் உங்கள மாதிரி வேலைக்கு இருக்கறவன்தான். ஒன்னு வெளிய போனாலும் கம்பெனிக்கு அடுத்த ஆர்டர் கிடையாது." சண்முகவடிவேலின் முகம் வெளுத்துவிட்டது. வாசலிலிருந்து செக்யூரிட்டி அம்மாளைக் கூட்டிவரச் சொன்னார். நால்வரையும் சுவரோரமாக நிற்கவைத்தார்கள். முதலில் பாப்பாத்தியக்கா, அடுத்தவள் சரோஜினி, பிறகு மினதி, கடைசியில் துளசிமணி.

நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிடலாம். அந்த வாக்கியம் அவளுக்குள் முழுசாக, நல்ல உருவமாக வந்து நின்றது. நாந்தானுங் எடுத்தேன். பழைய ஆள், பேத்தி பேரன் ஆசை, தெரியாமல் செய்துவிட்டேன் என்றால் சண்முகவடிவேல் ஏதாவது பேசிச் சரிக்கட்டுவார், அன்றைக்குக் கும்பிட்டவர்தானே, அந்தக் கும்பிடு இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் எங்கே என்று கேட்பார்களே. அடுத்த பெட்டி திறந்துதான் கிடக்கிறது, எட்டி ஒன்றை உருவி இதோ என்று காட்டலாம். அப்போது மினதியைத் தடவமாட்டார்கள். தடவாமல் விட்டுவிடுவார்களா? செக்யூரிட்டி அம்மாள் பாப்பாத்தியக்காவின் இடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டுச் சரோஜினியிடம் வந்தாள். மினதியின் கை துளசிமணியின் கையை உரசிக்கொண்டிருந்தது. சொல். நான் போய்விட்டால் வீட்டுக்காரரின் மருந்து, வாரம் ஒருமுறை பிரவீணாவைப் போய்ப் பார்க்கிற பஸ், நாற்பத்தாறு வயதில் வேறு எவன் செக்கிங்குக்கு எடுப்பான், கண் முன்னைப்போல இல்லை. இவளுக்காவது வயது இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் எங்கே போவாள், விடுதியை விட்டே அனுப்பிவிடுவார்களே. சொல்லித் தொலை. நாந்தானுங். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஒன்று எண்ணினாள்.

செக்யூரிட்டி அம்மாளின் கை மினதியின் வயிற்றில் நின்றது. "இது என்ன?"

"பாப்பா" என்றாள் மினதி. கை விலகாததைப் பார்த்து, "பாப்பாவுக்கு" என்றாள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. சண்முகவடிவேல் கொட்டகைக்கு வெளியே போய் அவளை அனுப்பிவைத்த கண்டிராக்ட்காரனைப் போனில் கூப்பிட்டார். விடுதியிலிருந்து அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டிப்போய்விடு என்றார். ஜெபராஜ் அந்த ரோம்பரை உதறி, மடிப்பு நீக்கி, அதைத் துளசிமணியிடம் நீட்டினார். "இதையும் முடிச்சிடுங்கம்மா, போட்டோ எடுத்துடறேன்." இன்னும் மினதியின் உடம்புச் சூடு அதில் இருந்தது. கண் அதுவாகவே ஓடியது. தோள், அக்குள், பக்கத் தையல், பட்டன். மினதி இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துளசிமணி கழுத்துப் பட்டியில் கத்திரியை வைத்தாள். அது முரண்டு பண்ணியது, தாண்டியது, இறங்கியது. குறுக்கே ஒன்று. லேபிளைத் தட்டில் போட்டாள். தொண்ணூற்றாறு.

"சார்" என்றாள். எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "இதெல்லாம் நான் பார்த்துப் பாஸ் பண்ணுன பீஸுங்க. ஒன்னுலகூடக் குறை இல்லீங்."

ஜெபராஜ் போனைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். பரிதாபப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "தெரியும்மா. குறை இருந்தா பேரைக் கிழிச்சிட்டு மலிவா தள்ளிவிட்டுருப்பாங்க. குறை இல்லாததாலதான் வெட்டறோம்."

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கண்டிராக்ட்காரன் மினதியையும் அவள் பெட்டியையும் வாசலுக்கு வெளியே விட்டுப்போயிருந்தான். மற்ற இரண்டு பேரும் கை கழுவப் போனார்கள். மேசைக்கு அடியில் மினதியின் டிபன் டப்பா இருந்தது. துளசிமணி அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. பெரிய கதவைச் சாப்பாட்டு வேளையில் திறக்கமாட்டார்கள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம், ரோட்டோரத்தில், தன் இரும்புப் பெட்டியின் மேல் மினதி உட்கார்ந்திருந்தாள். நிழல் இல்லை. துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். கம்பி இடுக்கில் டப்பாவைச் சாய்த்து நுழைத்தபோது அவள் எழுந்துவந்து வாங்கிக்கொண்டாள்.

"எங்க போவ புள்ள?"

"தெரியல அக்கா. அவருக்குப் போன் பண்ணேன். டூட்டில இருக்கார், எடுக்கல."

துளசிமணிக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. மறுபடியும் கூப்பிடு, பதினோரு தடவை கூப்பிடு, விடாமல் கூப்பிடு என்று சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் மினதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருக்கவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று வெகுநேரமாக வைத்திருந்ததைக் கேட்கிற முகம்.

"அக்கா, நீ பார்த்தல்ல, நான் எடுத்தத? நீயா சொன்ன?"

"இல்ல கண்ணு. நான் சொல்லல."

"நிஜமா?"

"சத்தியமா. நான் ஒன்னுமே சொல்லல."

மினதி தலையை ஆட்டினாள். நம்பியவள் மாதிரிதான் ஆட்டினாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். துளசிமணி கம்பியை விடாமல், அவளுக்குக் கேட்கிறதா என்றுகூடப் பார்க்காமல், நான் ஒன்னுமே சொல்லல, நான் ஒன்னுமே சொல்லல என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றாள்.